பதினெட்டுச் சட்டைகள்

பதினெட்டுப் படங்களில் பதினெட்டுச் சட்டைகளில் ஹப்தாமு சிரித்துக்கொண்டிருந்தான். ஜெர்மனி ஆளை நன்றாகத்தான் வைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டான் ஷிஃபராவ். தெஸ்ஸி நகரப் பேருந்து நிலையத்துக்கு எதிரே படம் அச்சிடும் கடை வைத்திருப்பவனுக்கு இந்த வெளிநாட்டுச் சிரிப்புகள் புதிதல்ல.

படங்கள் இருந்த பென் டிரைவைக் கொண்டுவந்தவள் ஹப்தாமுவின் மனைவி ஜினாஷ். மஞ்சள் முக்காடு நழுவியபோது, ஒட்ட வெட்டிய தலை தெரிந்தது.

"என்ன தங்கச்சி, முடியை இப்படி வெட்டிப்புட்டே?"

"பேன் தொல்லைண்ணே." இழுத்து மூடிக்கொண்டாள். "எல்லாப் படத்துக்கும் அடியில தேதி போட்டுக் குடுங்க. பக்கத்து வீட்டுப் பொண்ணு துபாய்லேர்ந்து அனுப்புற படத்துல தேதி இருக்காம். எம்மவன் படத்துல மட்டும் ஏன் இல்லன்னு அத்தை ஒரே பிடியா நிக்கிறாங்க."

"போன்ல பேசச் சொல்ல வேண்டியதுதானே?"

"அவங்களுக்குக் காது சுத்தமா கேக்காது. படம்தான் எல்லாம். மூணு வருஷமா ரெண்டு மாசத்துக்கு ஒண்ணா காட்டிட்டு வர்றேன். இப்போ சாப்பாட்டுத் தட்டையே தள்ளி வெச்சிட்டாங்க. நாளைக்கு வெளிநாடு போனவங்களைத் தேடிக் குடுக்கற ஆபீசுக்குப் போய் மவன் பேரைக் குடுத்து விசாரிக்கப் போறாங்களாம். எப்படியாவது அதைத் தடுக்கணும்ணே."

"இதுக்கா இந்தக் கவலை?" ஷிஃபராவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. படத்துக்குள் கேமரா பதிந்து வைக்கும் கோப்பு எண், கேமரா பெயர், தேதி, நேரம் எல்லாவற்றையும் உருவி எடுத்துப் படத்துக்கு அடியில் எழுதிவிடும் சின்னக் கணினி நிரல், ஒரு ஸ்கிரிப்ட், அவனிடம் இருந்தது. அவனே எழுதியது. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவரின் காப்பி ஆறிப்போகும்.

"நாம சொல்ற தேதியைப் போடாதாண்ணே?"

"நீ எதுக்குச் சொல்லணும்? உள்ள இருக்கறதை அதுவே போடும். பொய் சொல்லத் தெரியாத பொருள் இந்தக் கடையில அது ஒண்ணுதான்."

ஜினாஷ் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள். "உள்ளேயேவா தேதி இருக்கும்?"

அதற்குள் அவன் பொத்தானைத் தட்டிவிட்டான்.

முதல் படத்தின் அடியில் எழுத்து வந்தது. இரண்டாவதில் வந்தது. ஐந்தாவதில் ஷிஃபராவின் சிரிப்பு நின்றது.

பதினெட்டும் ஒரே கேமரா. கோப்பு எண் நாற்பத்தொன்றில் தொடங்கி ஐம்பத்தெட்டு வரை விட்டுப்போகாமல் வரிசையாக ஓடியது. தேதியோ, மூன்று வருஷத்துக்கு முந்திய ஒரே ஒரு நாள்.

நேரம் அதைவிட மோசம். மூன்று பத்தில் தொடங்கி நாலேகாலில் முடிந்திருந்தது. படங்களிலோ ஜன்னல் வழியே பளீரென்று வெயில். விடிந்து மூன்று மணி நேரமானால் மூன்று மணி என்று கடிகாரம் வைப்பது இந்த நாட்டு வழக்கம். ஜெர்மனிக்காரன் கேமராவில் அது நடுச்சாமம்.

ஆக, படம் எடுத்தது இந்த நாட்டில். பாவி ஊரை விட்டே போகவில்லை. எங்கோ நாலு மலை தள்ளி ஒருத்தியோடு குடித்தனம் நடத்திக்கொண்டு, ஒரே நாளில் எடுத்து வைத்ததை ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டிருக்கிறான். இவளும் ராப்பகலாகக் காத்துக் கிடக்கிறாள்.

இதை எப்படிச் சொல்வது? சாவுச் செய்தி என்றால் நாலு பேர் சேர்ந்துகொண்டு விடியற்காலையில் போய்ச் சொல்வார்கள். சேர்ந்து அழவும் ஆள் இருக்கும். புருஷனின் துரோகத்தைச் சொல்ல யாரைக் கூட்டிக்கொண்டு போவது?

"ஆச்சாண்ணே?"

"மை தீந்துபோச்சும்மா. அடுத்த வாரம் வாயேன்."

"இப்பத்தான் எனக்கு முன்னாடி வந்த ஆளுக்கு அச்சுப் போட்டுக் குடுத்தீங்க." அவள் குரல் இறங்கியது. "திரையைத் திருப்புங்கண்ணே."

அவன் திருப்பவில்லை. அவளே மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து பார்த்தாள். முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை நிதானமாகப் பார்த்தாள்.

"தங்கச்சி, மனசைத் திடப்படுத்திக்க," என்றான் ஷிஃபராவ். "இது ஜெர்மனியில எடுத்தது இல்ல. எல்லாம் ஒரே நாள்ல இங்க எடுத்தது. உன்னை நல்லா ஏமாத்தியிருக்கான்."

"தெரியும். எடுத்ததே நான்தான்."

ஷிஃபராவ் மறுபடியும் முதல் படத்தைத் திறந்தான்.

"கிளம்புறதுக்கு முந்தின நாள் எடுத்தோம். தெருவெல்லாம் போய்ச் சட்டை கடன் வாங்கினோம். பாலைவனம், கடல்னு வழி ரொம்ப நாள் ஆகும், அதுவரைக்கும் அம்மா பயப்படாம இருக்கட்டும், ஒவ்வொண்ணா காட்டுன்னு அவருதான் சொன்னாரு. போன மாசத்தோட பதினெட்டும் தீந்துபோச்சு." அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த எழுத்தை அழிச்சிட்டு, எல்லாத்துலயும் வேற வேற தேதி போடுங்கண்ணே. கடைசிப் படத்துல இந்த மாசம்."

"சரி, பழசு போகட்டும். அங்க போய்ச் சேந்ததும் புதுசா எடுத்து அனுப்பியிருப்பானே? அதைக் கொண்டா. ஸ்கிரிப்ட் உண்மையான தேதியையே போட்டுடும்."

ஜினாஷ் மஞ்சள் முக்காட்டைக் கழற்றி மடியில் வைத்தாள். அடியில் அவள் போட்டிருந்தது துக்கத்துக்குப் போடும் கறுப்புச் சட்டை.

"படகு கரை சேரலண்ணே."