முயல் மார்க் பிஸ்கட்

“நம்ம ஊரு முயல் மார்க் பிஸ்கட் வந்துச்சாண்ணே?”

“அடுத்த வாரம் கண்டிப்பா வந்துரும் தம்பி. நீங்க உட்காருங்க.”

கடைக்காரர் வாய் கூசாமல் சொன்ன பொய் இது. அவர் உட்கார்ந்திருந்ததே அந்த பிஸ்கட் பெட்டியின் மேல்தான்! என்ன செய்வார், பாவம்? இத்தனை பெரிய நகரத்தில் அவருக்கு ஊர்க்காரர் என்று வாய்த்தது இந்த பஸ் டிரைவர் ஒருவர்தான். பிஸ்கட் கிடைத்துவிட்டால் மனுஷன் வாங்கிக்கொண்டு நடையைக் கட்டிவிடுவாரே! கிடைக்காதவரை, ஊரில் யார் வீட்டு நாய் யாரைக் கடித்தது என்பது வரை அலசாமல் எழுந்திருக்க மாட்டார்.

ஒருநாள் டிரைவரின் மனைவி சோப்பு வாங்க வந்தாள். எடுத்துக் கொடுக்க எழுந்தவர், பெட்டியை மறந்துவிட்டார். அவள் பார்த்துவிட்டாள்.

“இப்பதாம்மா வந்துச்சு...” கடைக்காரருக்கு வியர்த்துவிட்டது. “தம்பிக்கு ஒரு பாக்கெட் தரட்டுமா?”

“ஐயையோ, முதல்ல அதை உள்ள வைங்கண்ணே! அவர் கண்ணுல பட்டுடப் போகுது!”

“ஏம்மா, சர்க்கரையா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. அவங்க அக்கா அனுப்புறது வீட்டுல டின் டின்னாக் கிடக்கு. சின்ன வயசுலேர்ந்தே பிடிக்காதாம், தொடவே மாட்டாரு.”

“அப்புறம் ஏன் வாராவாரம் வந்து கேட்குறாரு?”

அவள் சிரித்துவிட்டாள்.

“சும்மா வந்து உட்கார்ந்தா நீங்க என்ன நினைப்பீங்களோன்னு கூச்சம்ணே. அதான், உங்க கடையில இல்லாத சாமானாப் பார்த்துக் கேட்குறாரு!”