மடலேனா தேர்ந்தெடுத்த உருளை

"அந்த வறுக்கிற உருளையைச் செய்யறது உங்க சித்தப்பா பையன் டாவிட்டாதானே? ஆமாவா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

டெலேசியா இப்படிக் கேட்டதும், மாதர் குழு வீட்டில் பாய் பின்னிக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றுவிட்டன.

"ஆமாம்" என்றாள் தலைவி மடலேனா.

சவாயீ தீவின் அந்தக் கிராமத்தில் பெண்கள் ஒன்றுசேர்ந்து கொக்கோ விதையை வறுத்து விற்கிறார்கள். தகரத் தட்டில், தேங்காய் மட்டைத் தீயில் வறுப்பதுதான் வழக்கம். போன மாதம் இரண்டு தட்டு கருகிப் போய், தலைநகர் ஆப்பியாவிலிருந்து வந்த சாக்லேட்காரர் முகம் சுளித்துவிட்டுப் போனார். இப்போது உதவித் திட்டத்தில் வறுக்கும் இயந்திரம் கிடைக்கப் போகிறது. ஒன்றே ஒன்றுதான்.

எல்லாருக்கும் பிடித்தது கரண்ட் அடுப்பு. கண்ணாடிக் கதவு. சூடு எவ்வளவு என்று எண் காட்டும். ஐந்து கிலோ விதையைக் கொட்டிப் பொத்தானை அழுத்தினால் போதும்.

மடலேனா மட்டும், கேஸ் தீயின்மேல் கையால் சுற்றும் இரும்பு உருளைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"ஏன்னாவது சொல்லுங்களேன்!" என்றாள் டெலேசியா.

"அந்த அடுப்புல விசிறி இரையும். விதை வெடிக்கிற சத்தம் கேக்காது."

"நாம விதை வறுக்கப் போறோமா, ரேடியோ கேக்கப் போறோமா?"

எல்லாரும் சிரித்தார்கள். டெலேசியாவின் அக்கா சியேனி மட்டும் சிரிக்கவில்லை. கொக்கோ வறுப்பதில் அவளை மிஞ்ச அந்த ஊரில் ஆளில்லை.

"வறுக்கப் போறது எங்க அக்கா. அவளே சொல்லட்டும். அக்கா, உனக்கு எது வேணும்?"

சியேனி வாயைத் திறப்பதற்குள் மடலேனா குறுக்கே புகுந்தாள். "அவளை ஏன் இழுக்கறே? இது என் முடிவு."

"அப்ப சொந்தக்காரன் பட்டறை பிழைக்கணும்னுதான். அதை வெளிப்படையாச் சொல்லிட்டுப் போங்களேன்!"

மடலேனா மறுபடியும் பாயைப் பின்னத் தொடங்கினாள்.

"சரி, உங்க உருளையையே வாங்கிக்கலாம். ஆனா நீங்க தலைவியா இருக்கக் கூடாது."

பதினொரு வருடம் தலைவியாக இருந்தவள் எழுந்தாள். குழு வீட்டின் சாவியை எடுத்து டெலேசியாவின் முன்னால் வைத்தாள்.

"உருளை வந்துடணும். எனக்கு அது போதும்."

அன்றிலிருந்து அவளோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சர்ச்சில்கூடப் பக்கத்தில் உட்காராமல் தள்ளிப் போனார்கள்.

உருளை வந்தது. சியேனி தலையைச் சாய்த்தபடி கைப்பிடியைச் சுற்றினாள். உள்ளே படபடவென்று விதைகள் வெடித்தன. வெடிச் சத்தத்தை எண்ணுபவள்போல் சற்றுப் பொறுத்து, தீயை அணைத்தாள். ஒரு விதைகூடக் கருகவில்லை.

சாக்லேட்காரர் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "மாசாமாசம் அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புதுத் தலைவி டெலேசியாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"இந்த ஓட்டை உருளையிலேயே இப்படின்னா! பாரு அக்கா, அடுத்த வருஷம் கரண்ட் அடுப்பையும் வாங்கிடறேன். நீ அதுல தெரியிற எண்ணைப் பாத்துப் பொத்தானை அழுத்தினாப் போதும்."

"வேண்டாம். அந்த எண்ணெல்லாம் எனக்குத் தெரியாது."

"ரெண்டு நாள்ல பழகிடும் அக்கா."

"பழக்கம் இல்லடி, கண்ணுதான் பிரச்சினை." சியேனியின் கை கைப்பிடியை விடவில்லை. "சர்க்கரை வியாதி. கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே மங்க ஆரம்பிச்சுது. இப்ப உன் முகமே எனக்கு நிழலாத்தான் இருக்கு. விதையோட நிறம் தெரியாமத்தான் அந்த ரெண்டு தட்டையும் கருக்கிட்டேன். காதும் மூக்கும் நல்லா இருக்கு. இந்த உருளைக்கு அது போதும்."

டெலேசியா அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒரே வீட்டுல இருக்கோம்... என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வீட்டோட உக்கார வெச்சுடுவே. மடலேனாவுக்கு மட்டும்தான் தெரியும். ஆஸ்பத்திரிக்கு அவதான் பஸ்ஸுல கூட்டிட்டுப் போவா. யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு பைபிள்மேல சத்தியம் வாங்கியிருந்தேன். அன்னிக்குக் கூட்டத்துல நானே சொல்லியிருக்கணும். தைரியம் வரல."

டெலேசியா திரும்பிப் பார்த்தாள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து விதைத் தோலை உரித்தபடி சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். வட்டத்துக்கு வெளியே, கடைசித் தூணருகே, குனிந்த தலையோடு தனியாக உரித்துக்கொண்டிருந்தாள் மடலேனா.

சியேனி அந்தப் பேச்சுச் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"மடலேனா வந்திருக்காளாடி? இப்பல்லாம் அவகிட்ட யாரும் பேசறதில்ல, அவ குரலும் கேக்கறதில்ல... அவ எங்க உக்காந்திருக்கான்னே எனக்குத் தெரியறதில்ல."