பட்டியலில் இல்லாத மகன்

இத்ரீஸ் ஹஜ்ரத் கடற்கரைப் பள்ளிவாசலின் இமாம். வெள்ளிக்கிழமை குத்பா பிரசங்கம், அரசின் மார்க்கத் துறையிலிருந்து மிம்பர் மேடையில் பொருத்திய திரைக்கு வரும். இறந்து மௌத்தானவர்களில் யார் யாருக்காக துஆ கேட்கலாம் என்ற பட்டியலும் அதிலேயே இருக்கும். ஒரு பெயர் கூடினாலும் பள்ளிவாசலைப் பூட்டிவிடுவார்கள்.

துறைமுகப் போராட்டத்தில் அவருடைய மகன் ஷுஐபைச் சுட்டுக்கொன்று ஒன்பது நாளாகியிருந்தது. பெயரைச் சேர்க்கச் சொல்லி அந்தத் துறை அதிகாரியிடம் போய் நின்றார்.

"கோபப்படாதீங்க ஹஜ்ரத். வெள்ளைக்காரன் காலத்துலயே காஜியாரை நியமிச்சது சர்க்கார்தான். நாங்க அதை ஒழுங்குபடுத்தியிருக்கோம், அவ்வளவுதான்" என்றார் அதிகாரி.

வெள்ளிக்கிழமை காலையில் மனைவி ஜுலைகா அவருடைய ஜிப்பாவை எடுத்துக் கொடுத்தாள்.

"பூட்டுனா பூட்டட்டும். எம்புள்ள பேர ஒரு தடவ சொல்லிருங்க."

"சொல்றேன்" என்றார்.

மிம்பரில் கடைசிப் பெயரை வாசித்துவிட்டு வாயைத் திறந்தார். முன்வரிசையில் இருந்தவர்கள் பயந்து தலையைக் குனிந்துகொண்டார்கள். இந்த இருநூறு பேருக்கும் தொழ வேறு இடமில்லை என்று அவருக்குத் தோன்றியது. "ஆமீன்" என்று முடித்துவிட்டார்.

மாலை அஸர் தொழுகையும் முடித்த பிறகுதான் வீட்டுக்கு வந்தார். ஜுலைகா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன். எல்லாரும் ஆமீன் சொன்னாங்க."

அவள் தேத்தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"நானும் ஜும்ஆ தொழுகைக்கு வந்து பொம்பளைங்க பக்கம் உக்காந்திருந்தேன். நீங்க நிறுத்துன எடத்துல, நானே வாய்க்குள்ள சொல்லிக்கிட்டேன்."