பூட்டுப் போட்ட ஃப்ரிட்ஜ்

"முடியாது தம்பி. வேற இடம் பாரு."

நஜிமுதீன் பாய் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. பருப்பைப் பொட்டலம் கட்டிக்கொண்டே சொன்னார்.

சந்திரமோகனுக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. அந்தப் பக்கத்தில் ஃப்ரிட்ஜும் ஜெனரேட்டரும் சேர்ந்து இருப்பது கப்பல் வந்து நிற்கும் ஜெட்டி முனையில் இந்த ஒரு கடையில்தான். கட்சால் தீவில் வேற இடம் பார்ப்பதென்றால் கடலுக்குள்தான் இறங்கிப் பார்க்க வேண்டும்.

"ஒரு தட்டு போதும் பாய். எங்க உதயாவுக்கு ஊசி மருந்து. போர்ட் பிளேர் டாக்டர் இலவசமாவே வாங்கித் தர்றேன்னுட்டாரு. ரெண்டு டிகிரியிலருந்து எட்டு டிகிரிக்குள்ள வச்சிருக்கணுமாம். அப்படி ஒரு இடம் இருந்தா மூணு மாச மருந்தை மொத்தமா கப்பல்ல அனுப்பிடுவாராம்."

"இங்க ஆஸ்பத்திரியில ஃப்ரிட்ஜ் இருக்கே?"

"அது தடுப்பூசிக்கு மட்டுந்தானாம். வேற ஒண்ணும் வைக்க ஏலாதாம்."

"என் ஃப்ரிட்ஜ் கூல்டிரிங்ஸுக்கு. வழி விடு தம்பி, ஆளு நிக்குது."

உதயாவுக்கு ஆறு வயது. லட்சத்தில் ஒரு பிள்ளைக்கு வரும் நோயாம். அதன் பெயரைத் தப்பில்லாமல் சொல்லப் பழகவே சந்திரமோகனுக்கு ஒரு மாதம் பிடித்தது. வயிறு வீங்கிக்கொண்டே போக, கையும் காலும் குச்சியாகிவிட்டன. மெயின்லேண்ட் வரை போய் மூன்று வருஷம் அலைந்த பிறகு இப்போதுதான் மருந்து என்று ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது.

இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி. மருந்து கையில் இருந்தால் இங்குள்ள டாக்டரே போட்டுவிடுவார். இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போர்ட் பிளேருக்குப் போக வேண்டும். அதற்குக் கப்பலில் டிக்கெட் கிடைக்க வேண்டும், கடல் சும்மா இருக்க வேண்டும், ரப்பர் தோட்டத்தில் லீவும் வேண்டும். மூன்றும் ஒரே நாளில் கூடி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

"உங்க பேத்திக்கு வந்திருந்தா தெரியும் பாய்!"

கடையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பொட்டலம் கட்டிய கை ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடியும் நூலைச் சுற்ற ஆரம்பித்தது.

வீட்டு வாசலிலேயே சுகுணா கேட்டாள்.

"என்னாங்க சொன்னாரு?"

"ஏலாதாம்."

"டாக்டர் எழுதிக் குடுத்த சீட்டு எங்க?"

"ஆத்திரத்துல கடையிலயே விட்டுட்டேன். இனி அது எதுக்கு?"

சுகுணா அழவில்லை. மகளை மடியில் இழுத்துப் போட்டு வயிற்றைத் தடவிக் கொடுத்தாள். அழுதிருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள் நடந்ததுதான் வேடிக்கை. பாய் ஃப்ரிட்ஜுக்குப் பூட்டே போட்டுவிட்டார்!

"பாய், தண்டா நஹி ஹே?" என்று ஜில்லென்று குடிக்கக் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான். "நஹி." பாட்டில்கள் அத்தனையும் அலமாரியில் கிடந்து வெந்துகொண்டிருந்தன.

"நான் திரும்பவும் வந்து கேட்டுருவேன்னு பயம்." தோட்டத்துக் குடியிருப்பில் வீடு வீடாகச் சொன்னான் சந்திரமோகன். "காலியா கிடந்தாலும் கிடக்கட்டும், பிள்ளை மருந்துக்கு மட்டும் இடங் கிடையாது. இதெல்லாம் ஒரு மனுசனா?"

கேட்டவர்களுக்கும் பொறுக்கவில்லை. பாதிப் பேர் அந்தக் கடைப் பக்கம் போவதையே நிறுத்திக்கொண்டார்கள்.

ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போய்விட்டது. ஜெட்டிப் பக்கம் போன சந்திரமோகன் பார்த்தான். பாய் கடையில் ஃபேன் சுற்றவில்லை, லைட் எரியவில்லை. பாய் வேர்த்து விறுவிறுத்து அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் ஜெனரேட்டர் மட்டும் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

'பூட்டின பெட்டிக்கு டீசல் ஊத்துறாரு. உள்ள என்ன புதையலோ!' முணுமுணுத்துக்கொண்டே திரும்பி நடந்தான் அவன்.

கடைசியில் ஒரு நாள், தோட்டத்தில் ரப்பர் பால் எடுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"சந்திரமோகனா? போர்ட் பிளேர்ல இருந்து டாக்டர் பேசறேன். இந்த வாரக் கப்பல்ல மருந்து வருது. ஜெட்டிக்கு வந்துடுப்பா."

"ஃப்ரிட்ஜ் கிடைக்கலையே டாக்டர்..."

"என்னப்பா சொல்றே? நஜிமுதீன்னு ஒருத்தர் உன் சீட்டுல இருந்த என் நம்பரைப் பார்த்துட்டு அன்னிக்கே போன் பண்ணிட்டாரே. அடிக்கடி கரண்ட் போற தீவுக்கு இந்த மருந்தை நம்பி அனுப்ப முடியாதுன்னு நான்தான் சொன்னேன். பதினஞ்சு நாள் சோதிச்சுப் பாருங்கன்னார். தினமும் காலையும் சாயங்காலமும் உள்ளே தெர்மாமீட்டர் வச்சு போட்டோ வந்துச்சு. யாரும் திறந்து சூடு ஏறிடக் கூடாதுன்னு பூட்டுகூடப் போட்டுட்டாராம். ஒரு தடவைகூட எட்டைத் தாண்டலை."

"எங்கிட்ட நீங்க ஒரு வார்த்தை..."

"சொல்லக் கூடாதுன்னு கையைப் பிடிக்காத குறையா கேட்டுக்கிட்டார்."

பால் வாளியை அப்படியே போட்டுவிட்டு ஓடினான் சந்திரமோகன். கடையில் ஆளே இல்லை. பாய் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்கவே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"ஏன் பாய் அன்னிக்கே சொல்லல? நான் உங்களை... உங்க பேத்தியை இழுத்து..."

பாய் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அவன் முன்னால் வைத்தார்.

"என் ஃப்ரிட்ஜு பழசு தம்பி. சரின்னு சொல்லி அது கை விட்டிருந்தா, நீங்க புருசன் பொஞ்சாதி ரெண்டு பேரும் இன்னொரு தடவை அழணும். அதுக்கு நீ என்னை ஏசிக்கிட்டே இருந்துட்டுப் போறது தேவலைன்னு பட்டுச்சு."