பச்சை எண்கள்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தை பொய்யென்றால் என் வாயில் மிச்சமிருக்கும் மூன்று பல்லும் இன்றே விழட்டும்.

விமானிகளைச் சோதிக்கும் பரிசோதகர் ஒருவர். அன்றைக்கு அவரிடம் சோதனைக்கு வந்தவன், அவருடைய சொந்தத் தங்கையின் புருஷன். உறவுக்காரனைச் சோதிக்கலாமா என்று கேட்காதீர்கள். கூடாதுதான். இன்னொரு பரிசோதகருக்குக் காய்ச்சல்.

சோதனை இதுதான். விமானியின் கண்ணுக்கு நேரே ஒரு கண்ணாடி. வேகமும் உயரமும் அதில் பச்சை எண்களாக மிதக்கும். குனிந்து பார்க்கவே வேண்டாம், பனிமூட்டத்திலும் இறங்கலாம். ஒரே தொல்லை, அந்தப் பச்சையிலேயே கண் ஒட்டிக்கொண்டால் எதிரே யானை நின்றாலும் தெரியாது.

அதனால் தரையிலேயே இருக்கும் பயிற்சிக் கூண்டில் விமானியை உட்காரவைத்து, திரையில் பனியைக் கிளப்பி, இறங்கப்போகும் நேரத்தில் ஓடுபாதைக்குக் குறுக்கே ஒரு விமானத்தைக் காட்டுவார்கள். சொல்லாமல் கொள்ளாமல். அதைப் பார்த்துவிட்டு மேலே ஏறினால் பாஸ்.

போன தடவை மாப்பிள்ளை அந்த விமானத்தின் வயிற்றுக்குள்ளேயே ஜோராக இறங்கியிருந்தான். இந்தத் தடவையும் போச்சென்றால் கேப்டன் நாற்காலி அடுத்தவனுக்கு.

பனி வந்தது. குறுக்கே விமானம் வந்தது. மாப்பிள்ளை அலுங்காமல் மேலே ஏற்றினான்.

பக்கத்திலிருந்த துணை விமானிக்கு வாய் நிற்கவில்லை. வராந்தாவில் குட்டி போட்ட பூனையாக உலாத்திக்கொண்டிருந்த தங்கையிடம் போய், உங்கள் வீட்டுக்காரர் கலக்கிவிட்டார் என்று சொல்லிவிட்டான்.

அவள் கைப்பேசியை எடுத்தாள், வைத்தாள். கதவைப் பார்த்தாள். உள்ளே மச்சானும் மாப்பிள்ளையும் பேசி முடிக்கிற பாடாக இல்லை. கடைசியில் கதவு திறந்தது.

ஃபெயில்.

"அந்தத் தம்பி எல்லாம் சொல்லிட்டான், அண்ணா. அவர் சரியாத்தானே மேல ஏத்தினார்?"

பரிசோதகர் பேனாவைத் திறந்து திறந்து மூடினார். "எனக்குத் திருப்தியா இல்லம்மா."

"உனக்கு எப்பதான் திருப்தியா இருந்துச்சு? என் கல்யாணத்துலயே மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டு நின்ன ஆளுதானே. உன் தங்கச்சி புருஷன் உனக்குச் சமமா உட்கார்ந்துடக் கூடாது. அதானே?"

மாப்பிள்ளை நடுவில் புகுந்து, மச்சானைத் திட்டாதே என்று முனகினான். நீங்கள் இப்படி வாயில்லாப் பூச்சியாக இருப்பதால்தான் ஆளாளுக்கு ஏறி மிதிக்கிறார்கள் என்று அவனுக்கும் கிடைத்தது.

"இனிமே என் வீட்டு வாசப்படி மிதிக்காத" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு, புருஷனை இழுத்துக்கொண்டு போனாள். கட்டடத்தில் இருந்தவர்களும் அவள் பக்கம்தான். கூடப்பிறந்தவளுக்கே இப்படியா என்று, அவர் போன இடமெல்லாம் பேச்சு நின்றது.

மூடிய கதவுக்குப் பின்னால் நடந்தது அவர்களுக்கு எங்கே தெரியும்?

பரிசோதகர் பாஸ் என்று எழுதவே பேனாவை எடுத்திருந்தார். மாப்பிள்ளைதான் கையைப் பிடித்தான்.

"எழுதாதீங்க மச்சான். அந்த விமானம் என் கண்ணுல படவே இல்ல. இருநூறு அடியிலதான் குறுக்க விடுவாங்கன்னு கேன்டீன்ல பேசிக்கிட்டாங்க. பச்சையில இருநூறு வந்துச்சு, மேல ஏத்திட்டேன். நிஜத்துல என் பின்னாடி நூறு பேர் உட்கார்ந்திருப்பாங்க. ஃபெயில் போடுங்க."

"அப்போ இதைத் தங்கச்சிகிட்ட நீயே சொல்லிடு மாப்பிள்ள."

"ஐயோ, அது மட்டும் வேணாம். நான் கெடுத்துக்கிட்டேன்னு தெரிஞ்சா அவ தாங்க மாட்டா. நீங்க கெடுத்ததாவே இருக்கட்டும் மச்சான்."

இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது. நீங்களும் அந்தப் பெண்ணிடம் மூச்சு விடாதீர்கள். வாய் தவறி விட்டுவிட்டாலும், காற்றுவாக்கில் காதில் விழுந்தது என்று சொல்லுங்கள்; இந்தக் கிழவன் பக்கம் கையைக் காட்டிவிடாதீர்கள்.