பூட்ட வேண்டிய புத்தகம்

"இதெல்லாம் கடவுளுக்கே அடுக்காதுங்க." பள்ளி நூலகரின் மேசையில் மந்திரவாதிக் கதைப் புத்தகத்தைப் பொத்தென்று போட்டார் அந்த அம்மா. பக்கத்தில் அவருடைய ஐந்தாம் வகுப்பு மகன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

நூலகருக்குச் சுருக்கென்றது. பிள்ளைகளுக்காகப் பார்த்துப் பார்த்து வாங்கிய புத்தகம் அது.

"வெறும் கற்பனைங்க. துடைப்பத்துல பறக்கிற கதையைப் படிச்சு எந்தப் பிள்ளையும் கெட்டுப் போகாது."

"பறந்தாக்கூடப் பரவாயில்ல. எழுபதாம் பக்கத்துல வாத்தியாரையே தவளையா மாத்துறாங்க. சாமி கும்பிடுற வீட்டுப் பிள்ளை படிக்கிற கதையா இது? அலமாரியில வச்சுப் பூட்டுங்க."

"முடியாதுங்க. வேணும்னா மேல புகார் கொடுங்க." வேலையே போனாலும் விட்டுக்கொடுப்பதில்லை என்று நூலகர் தீர்மானித்துவிட்டார்.

"நீ போய் வெளிய நில்லுடா" என்று மகனை அனுப்பிய அம்மா, கதவு சாத்தியதும் குரலைத் தாழ்த்தினார்.

"கோவிச்சுக்காதீங்க. இவன் கதைப் புத்தகத்தைத் தொட்டே ரெண்டு வருஷமாச்சு. கூடாதுன்னு சொன்னாத்தான் எதையும் செய்வான். சும்மா பூட்டுற மாதிரி பூட்டிட்டு, சாவியை அவன் கண்ணுல படுற மாதிரி வைங்க."

நூலகர் பூட்டைத் தேடி எடுத்தார்.

"அப்படியே இன்னொரு உதவி" என்றார் அம்மா. "அடுத்த வாரம் கணக்குப் புத்தகத்தை எதிர்த்து வரலாம்னு இருக்கேன். அதுல ஏதாவது சாமிக்குத்தம் இருந்தா பார்த்து வைங்க."