நாலு பேர் ஊர்

"இன்னைக்கு அங்கே எவ்வளவுன்னு மாமா கேட்கிறார்."

"மைனஸ் முப்பத்தொண்ணு. காத்து வேற உயிரை வாங்குது. அங்கே?"

"நாப்பத்தொண்ணு. ஃபேன் போட்டா அனல்தான் வருது. 'அந்த ஐஸ்பெட்டி துரைக்கு என்ன, ஜம்முனு இருக்கான்'னு மாமா பொருமுறார்."

போனின் மறுமுனையில் அவள் கணவன் சிரித்தான். பூமியின் தென்கோடியில், பனிக்கு நடுவே இருக்கும் ஆய்வு நிலையத்தில் காற்றையும் குளிரையும் அளப்பது அவன் வேலை. தினமும் காலை பத்து மணிக்கு ஐந்தே நிமிடம் பேசலாம். குளிர்காலம் முடியும்வரை விமானம் இறங்காது. தலைகீழாக நின்றாலும் அங்கிருந்து யாரும் கிளம்ப முடியாது.

இப்படி இரண்டு ஊரையும் ஒப்பிட்டுப் பார்க்கும் விளையாட்டை ஆரம்பித்தது அவன் அப்பாதான். தபால் ஆபீசில் முப்பது வருடம் கடிதம் பிரித்தவர். எந்த ஊரானாலும் எங்கே இருக்கிறது, எத்தனை தலை என்று கேட்டாக வேண்டும் அவருக்கு. காது மந்தமானதால் போனைத் தொடமாட்டார். நடுவில் தூது போவது மருமகள்.

"சூரியனைப் பார்த்து நாப்பது நாளாச்சுன்னு அப்பாகிட்ட சொல்லு."

"'இங்கேயிருந்து பாதியை பார்சல் பண்றேன், விலாசத்தைப் பின்கோடோட சொல்லச் சொல்லு'ங்கிறார்."

"ஆமாமா, பன்னெண்டாயிரம் கிலோமீட்டர், தபால்ல போட்டா அடுத்த வருஷம் வந்து சேரும். சரி, ஜனத்தொகை கேட்கலையா இன்னைக்கு?"

"கேட்காம விடுவாரா? எத்தனை?"

"நாலு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை."

"இங்கே ஒண்ணேகால் கோடியாம். நம்ம கட்டடத்துல மட்டும் இருநூத்திப் பதினாறாம். கதவைத் தட்டினா ஒருத்தனும் திறக்கமாட்டான்னு சொல்லச் சொன்னார்."

"ஒழுங்கா சாப்பிடுறாரா?"

"ம்... உப்பு கம்மின்னு காலையிலேயே ஒரு சண்டை."

நேரம் முடிந்து போன் அடங்கியது. ஜன்னலோரத்து நாற்காலி காலியாகக் கிடந்தது. மாமா இறந்து அன்றோடு பத்தொன்பது நாள்.

மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கடைசிவரை கூட வந்தது ஆஸ்பத்திரி ஊழியர் இரண்டு பேர், வண்டி ஓட்டியவர், அவள். எதிர்வீட்டுக்காரர் மறுநாள் லிஃப்டில் பார்த்தபோது, "பெரியவரைக் காணோமே?" என்று கேட்டார்.

கணவனின் ஆபீசுக்குத் தகவல் சொன்னபோதே அவள் கெஞ்சிக் கேட்டுக்கொண்டாள். "தயவுசெய்து அவர்கிட்ட சொல்லிடாதீங்க. வந்தப்புறம் நானே சொல்லிக்கிறேன்."

காரணம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அந்த நிலையத்தில் இருந்த சமையல்காரர், தாய் இறந்த சேதியைக் கேட்டுவிட்டு, கதவைத் திறந்துகொண்டு பனிக்குள் நடந்தார். திரும்பி வரவேயில்லை. இதைச் சொன்னவன் அவள் கணவன்தான். அப்பா என்றால் உயிரை விடுகிறவன் அவன். விமானம் இறங்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அதுவரை அவன் காதுக்குச் சேதி போகக் கூடாது. அவளுக்கு இருந்த ஒரே கவலை அதுதான்.

அதனால் தினமும் தையல் மிஷினை மிதித்துக்கொண்டே, நாளைக்கு மாமா என்ன சொல்வார் என்று யோசித்தாள். பக்கத்துக் கட்டடத்துத் தண்ணீர் லாரியைத் திட்டவைத்தாள். மூக்குக்கண்ணாடியைத் தொலைக்கவைத்தாள், இரண்டு நாள் கழித்துத் தலையணைக்கு அடியில் கண்டுபிடிக்கவைத்தாள். மனம் விட்டு அழக்கூட முடியவில்லை. குரல் கட்டிப்போனால் மறுநாள் பத்து மணிக்கு அவன் கண்டுபிடித்துவிடுவான். ஆனாலும் அந்த ஐந்து நிமிடம் மட்டும் மாமா வீட்டுக்கு வந்துவிட்டுப் போவதுபோல் இருந்தது அவளுக்கு.

ஒருவழியாக விமானம் இறங்கியது. நான்கு பேரும் ஒரு துறைமுக நகரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கிருந்து கணவன் கூப்பிட்டான். இனிமேலும் மறைத்தால் அவன் வீட்டு வாசலில் வந்து நின்று, "அப்பா!" என்று கூப்பிடுவான். அதை அவளால் தாங்க முடியாது.

"ஏங்க, பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"மூணு பேரும் இருக்காங்க. ஏன்?"

"உட்கார்ந்துக்கோங்க. உங்ககிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன். என்னை என்ன வேணா திட்டுங்க. மாமா... மாமா நம்மளை விட்டுட்டு..."

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"அன்னைக்கு சாயந்திரமே. ஆபீஸ்லேர்ந்து நிலையத்துக்குச் சேதி வந்துடுச்சு. சமையல்காரர் போனதுலேர்ந்து, கெட்ட சேதி வந்தா ஒளிக்கக் கூடாது, எல்லாரையும் ஒண்ணா உட்காரவெச்சுதான் சொல்லணும்னு எங்க நிலையத் தலைவர் ஒரு முறை வெச்சிருக்கார். சொன்னார். நீ சொல்ல வேண்டாம்னு கெஞ்சினதையும் சொன்னார். மூணு பேரும் ஒரு வாரம் என் பக்கத்தை விட்டு நகரலை. நானும் அழுது தீர்த்துட்டேன்."

"அப்புறம் ஏங்க தினமும் அப்பா சாப்பிட்டாரா, அப்பா என்ன சொல்றார்னு கேட்டீங்க? கல்நெஞ்சா உங்களுக்கு?"

அவன் குரல் உடைந்தது.

"எனக்காவது சேர்ந்து அழ மூணு பேர் இருந்தாங்க. ஒண்ணேகால் கோடி பேர் இருக்கற ஊர்ல உனக்குப் பேச்சுத்துணைக்கு அவர் ஒருத்தர்தானே இருந்தார், அவரையும் நான் எப்படிம்மா உன்கிட்டேயிருந்து பிடுங்குவேன்?"